உங்களுக்குத் தெரியுமா? உப்புக் காற்றில் இத்தாலி வண்டி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில் இத்தாலி வம்சத்து வண்டிகளை எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. வெஸ்பாவும் லம்பிரெட்டாவும் அரிதாகிவிட்டன. அவற்றின் வழிவந்த ஆட்டோவோ சந்திக்குச் சந்தி நிற்கிறது. வாப்பா காலத்து ஸ்கூட்டர் ஒன்று வீட்டுக் கொட்டிலில் கிடந்தால், அதை எழுப்பும் கைவேலை நம் ஊர்க் கராஜுகளிலேயே இருக்கிறது. ஒலுவில் மாதிரிக் கடலோர ஊரில் அந்த வண்டிக்கு முதல் பகை உப்பு. இந்த முறை துணுக்குகள் இந்த வண்டிகளைச் சுற்றியே.

வம்ச வரலாறு

● வெஸ்பாவை வரைந்தவர் ஒரு விமானப் பொறியியலாளர். ஹெலிகொப்டர் ஆராய்ச்சியில் பெயர் எடுத்த கொரடினோ தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது. சங்கிலி உடுப்பைக் கெடுக்கிறது, சக்கரம் கழற்றுவது பெரும்பாடு என்பவை அவருடைய குறைகள். அவற்றை நீக்கி அவர் வரைந்த வண்டிக்கு பியாஜியோ நிறுவனம் 1946 ஏப்ரல் 23 இல் காப்புரிமை கோரியது.

● வெஸ்பாவின் முன் சக்கரத்தை ஒரு பக்கக் கை மட்டுமே தாங்குகிறது. விமானம் தரையிறங்கும் சக்கரத்தின் முறை அது. பஞ்சரானால் சில நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தைப் பக்கவாட்டில் உருவி, மேலதிகச் சக்கரத்தை மாட்டிவிட்டுப் போகலாம்.

● லம்பிரெட்டா 1947 இல் மிலான் நகரின் லம்பிராட்டே பகுதியில் பிறந்தது. தயாரித்தது இன்னொசென்டி நிறுவனம். வெஸ்பாவுக்குத் தகட்டு உடம்புதான் சட்டகம்; லம்பிரெட்டாவுக்குக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் கழற்றக்கூடிய தகடுகள். கடலோரத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கீழே பாருங்கள்.

● ஒரு தொழிற்சாலையே கப்பலேறி இந்தியா வந்தது. இன்னொசென்டி 1971 இல் ஸ்கூட்டர் செய்வதை நிறுத்தியது. அதன் இயந்திரங்களை வாங்கி, 1972 இல் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரச நிறுவனம் லக்னோவில் உற்பத்தியை நடத்தியது. விஜய் சூப்பர் அங்கே பிறந்த லம்பிரெட்டாதான்.

● பஜாஜ் நிறுவனம் 1960 இல் பியாஜியோவுடன் ஒப்பந்தம் செய்து வெஸ்பா 150 ஐத் தயாரித்தது. உரிமம் 1971 இல் முடிந்தது. அடுத்த ஆண்டே அதே அமைப்பில் ‘சேட்டக்’ வந்தது. மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது. அந்த ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு இந்தியக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

● ஆட்டோவின் மூதாதை பியாஜியோ 1948 இல் வெளியிட்ட ‘ஆப்பே’ என்ற மூன்று சக்கர வண்டி. போரில் நொறுங்கிய இத்தாலியில் காய்கறி, செங்கல், பால் எல்லாம் ஏற்றியது. பஜாஜ் ஆட்டோ அந்த வழி வந்தது.

● சேட்டக் ஸ்கூட்டரின் எஞ்சினும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் பஜாஜ் ஆட்டோவின் எஞ்சினும் ஒரே கொள்ளளவு: 145.45 சீசீ. பிஸ்டன் விட்டம் 57 மில்லிமீற்றர், அது ஏறி இறங்கும் தூரமும் 57. வெஸ்பா ஸ்பிரின்ட் மொடலின் அளவும் இதுவே. பழைய ஆட்டோவில் கை பழகிய மெக்கானிக்குக்கு வெஸ்பா எஞ்சினைத் திறந்தால் பாதிக்கு மேல் அறிமுகமான முகங்கள்தான்.

உப்பின் வேலை

● காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை இழுத்துக் கரையும். நம் கடற்கரையில் இரவில் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். மழையே பெய்யாவிட்டாலும் முற்றத்தில் நிற்கும் வண்டியின்மீது விடிய விடிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது.

● வெஸ்பாவின் கால்மிதித் தகட்டில் துரு கண்டால் அதைப் பெயின்ட் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். தகடுதான் சட்டகம். கீழ்ப்பக்கம் உளுத்தால் வண்டியின் முதுகெலும்பே உளுத்தது. ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலிக்குப் பதில் மொத்தென்று கேட்டால் வெல்டிங்காரரைத் தேட வேண்டும். லம்பிரெட்டாவில் தகடு போனாலும் குழாய் தாங்கும். ஆனால் குழாய்க்குள் தேங்கும் நீர் வெளியே தெரியாது.

● ஒலுவில் துறைமுகப் பக்கம் மீனேற்றப் போய்வரும் வண்டிக்கு இரட்டைத் தண்டனை. கடற்காற்று ஒன்று, பெட்டியிலிருந்து சொட்டும் மீன்நீர் மற்றது. அன்றன்றே நன்னீர் ஊற்றிக் கழுவுவதுதான் மருந்து. கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதுவும் உப்பையே திரும்பப் பூசும். குழாய் நீரோ மழைநீரோ நல்லது.

● அலுமினிய எஞ்சின் பெட்டியில் இரும்பு போல்ட், இடையில் உப்புநீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சிறிய மின்கலம். தேய்வது அலுமினியம். போல்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாட்டும்போதே மரையில் கொஞ்சம் கிறீஸ் தடவினால் பத்து வருடம் கழித்தும் கழற்றலாம்.

● சர்விஸ் முடிந்ததும் அடிப்பக்கம் முழுக்க டீசல் அடிக்கும் வழக்கம் தகட்டுக்கு நல்லது, றப்பருக்குக் கூடாது. எண்ணெய் பட்ட றப்பர் ஊதி இளகும். எஞ்சினைத் தாங்கும் றப்பர் புஷ்கள் இளகினால் வண்டி ஆடும். றப்பர் உள்ள இடங்களை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

● கச்சான் வீசும் மாதங்களில் புழுதியும் மணலும் பறக்கும். வெஸ்பா, லம்பிரெட்டா எஞ்சின்களைக் குளிர்விப்பது பறசக்கரத்தோடு சேர்ந்த விசிறி. சிலிண்டர் செதில்களில் ஒயிலும் மணலும் சேர்ந்து அடைத்தால் காற்று புகாது. விசிறி மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ‘காற்றுப் படட்டும்’ என்று ஓடுவதும் தவறு. விசிறியின் காற்றைச் சிலிண்டருக்கு வழிநடத்துவது அந்த மூடிதான்.

பெற்றோலும் ஒயிலும்

● பெரும்பாலான பிற்கால வெஸ்பாக்களுக்கு 2 சதவீத ஒயில் போதும்: ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். ஐம்பதுகளின் வெஸ்பாக்கள் 5 சதவீதம் கேட்டவை. வண்டியின் வயது தெரியாமல் ஊற்றினால் ஒன்று புகை, அல்லது பிடித்த பிஸ்டன்.

● 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரருக்கு அதனோடு 80 மில்லி ஒயில் கணக்கு. முதலில் ஒயிலை ஊற்றிவிட்டு அதன்மேல் பெற்றோல் அடிக்கச் சொன்னால் தானே கலக்கும். கடைசியில் ஊற்றும் ஒயில் தாங்கியின் அடியில் போய்த் தங்கிவிடும்.

● யுத்தகால யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளும் பழைய காரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேட்டருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சினுக்குள் கரி குவிந்தது, ‘டக் டக்’ என்ற தட்டல் கேட்டது. ஆனாலும் வாழ்க்கை ஓடியது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும்போது இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

● வெஸ்பா பீஎக்ஸ் கியர்பெட்டிக்கு 250 மில்லிலீற்றர் எஸ்ஏஈ 30 ஒயில். லம்பிரெட்டா எல்ஐ வரிசைக்கு 700 மில்லிலீற்றர் எஸ்ஏஈ 90. இரண்டும் இத்தாலி ஸ்கூட்டர்தானே என்று ஒன்றின் ஒயிலை மற்றதில் ஊற்றினால் கிளச் முறைப்பாடு சொல்லும்.

● வெள்ளைப் புகை அடங்கவில்லையா? கியர் ஒயில் குறைகிறதா? கிளச் பக்க ஒயில் சீல் போயிருக்கும். எஞ்சின் கியர் ஒயிலைக் குடிக்கிறது. புகையே இல்லாமல் எஞ்சின் தானாக உறுமுகிறதா? பறசக்கரப் பக்கச் சீல் போயிருக்கும். எஞ்சின் வெறும் காற்றை இழுக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து. கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துவிடும்.

● இத்தாலி வண்டிகளில் அடிக்கடி காணும் காபரேட்டர் டெல்ஓர்ட்டோ. நிறுவனம் தொடங்கியது 1933 இல். வெஸ்பாவில் அது காற்றுவடிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். ஜெட்டில் பொறித்த இலக்கம் அதன் துளையின் அளவைச் சொல்கிறது. அடைத்தால் ஊதுங்கள், அல்லது மெல்லிய நைலோன் நூலை விடுங்கள். ஊசி விட்டுக் குடைந்தால் துளை பெருத்து, இலக்கம் பொய்யாகிவிடும்.

● பழைய தாங்கியின் உள்துருவுக்குச் சமையலறை மருந்து உண்டு. வினாகிரியை நிறைத்து ஓரிரு நாள் விட்டு, சில நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, அப்பச் சோடா கரைத்த நீரால் கழுவி, முழுதாக உலர்த்தி, உடனே ஒயில் கலந்த பெற்றோல் ஊற்ற வேண்டும். ஓட்டையை வெல்டிங் செய்வதென்றால் மட்டும் எச்சரிக்கை: காலித் தாங்கியில் தங்கும் பெற்றோல் ஆவி வெடிக்கும். கழுவி, தண்ணீர் நிறைத்துத்தான் அனுபவசாலிகள் கை வைப்பார்கள்.

● ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்துவிட்டுக் கிக் அடிப்பது தமிழ்நாட்டிலும் இங்கும் ஒரு தலைமுறையே செய்த வேலை. அது மூடநம்பிக்கை அல்ல. தாங்கியில் மிஞ்சிய பெற்றோலைக் குழாய்ப் பக்கம் சேர்க்கும் வழி அது.

தீப்பொறி

● பிளக் நீளம் தவறினால் பிஸ்டனுக்கு ஓட்டை. பழைய வெஸ்பாவுக்குக் குட்டை மரைப் பிளக்தான், 12.7 மில்லிமீற்றர். நீள மரைப் பிளக் உள்ளே நீட்டி பிஸ்டன் தலையில் இடிக்கும். கடையில் வாங்கும்போது பழையதையும் கொண்டுபோய் ஒப்பிடுங்கள்.

● என்ஜிகே பிளக்கில் இலக்கம் கூடக் கூடக் ‘குளிர்’ப் பிளக். பொஷ் பிளக்கில் இலக்கம் கூடக் கூடச் ‘சூட்டு’ப் பிளக். இரண்டும் எதிரெதிர். இலக்கம் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால் ஒன்று கரி பிடிக்கும், அல்லது எஞ்சின் கொதிக்கும்.

● பல வெஸ்பாக்களில் பறசக்கரத்தைக் கழற்றத் தனிக் கருவி தேவையில்லை. நடு நட்டுக்கு மேல் ஒரு வளையப் பூட்டு இருக்கும். நட்டைத் தளர்த்தினால் அது வளையத்தில் முட்டி, சக்கரத்தைத் தானே வெளியே இழுக்கும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் தண்டு வளையும். காந்தமும் பலம் இழக்கும்.

● உங்கள் வெஸ்பாவுக்குள் டுகாட்டி இருக்கலாம். டுகாட்டி 1926 இல் பொலோனியாவில் தொடங்கியது வானொலி உதிரிப்பாகம் செய்யத்தான். ஐம்பதுகளில் மோட்டார் சைக்கிள், மின்சாதனம் என இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்தது. பீ வரிசை வெஸ்பாக்களின் மின்னணுத் தீப்பொறிப் பெட்டிகளைச் செய்தது மின்சாதனப் பிரிவு.

● விளக்கு மங்கினால் பல்பை மாற்ற ஓடாதீர்கள். உடம்போடு சேரும் ஏர்த் வயரின் முனையைச் சுரண்டுங்கள். கடலோரத்தில் பாதி மின்கோளாறு அந்த ஒரு திருகாணிக்கடியில் இருக்கும் பச்சைக் களிம்புதான்.

கருவியும் கையும்

● இத்தாலி வண்டியின் நட்டு போல்ட் எல்லாம் மெட்ரிக். பழைய பிரித்தானிய வண்டிக்குத் தேவைப்படும் அங்குல ஸ்பனர் இங்கே வேண்டாம். ஒரு சூட்சுமம் மட்டும் உண்டு. வெஸ்பாவில் 7 மில்லிமீற்றர் மரை நிறைய. அதற்கு 11 ஆம் நம்பர் ஸ்பனர் வேண்டும். 8 மில்லிமீற்றருக்கு 13. ஜப்பான் வண்டிப் பெட்டியில் 10, 12, 14 தான் அதிகம். கிட்டத்தட்டச் சரியான ஸ்பனர்தான் நட்டின் மூலையை மழுக்கும் முதல் எதிரி.

● வெஸ்பாவின் ரிம் இரண்டு துண்டு. ரியூப் மாற்ற அவற்றைப் பிரிக்கும் முன் காற்றை முழுதாக இறக்குங்கள். காற்று நிறைந்திருக்கும்போது இரு துண்டுகளையும் சேர்க்கும் நட்டுகளைக் கழற்றினால் ரிம் துண்டு முகத்தை நோக்கிப் பாயும்.

● பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது புகை வெளியேறும் வாயிலைப் பார்க்க வேண்டும். திசை மாற்றிப் போட்டால் ரிங்கின் முனை வாயிலில் மாட்டி முறியும்.

● மூன்றாம் கியரில் போகும்போது தானே நியூட்ரலுக்குத் தாவுகிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள். இடது கைப்பிடியிலிருந்து போகும் இரண்டு கியர் கேபிள்களின் இழுவை சரியில்லாவிட்டாலும் இப்படி ஆகும். அதைச் சரிசெய்தும் தாவினால்தான் கியர்பெட்டிக்குள் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு தேய்ந்திருக்கும். முன்னதற்குச் சில நிமிடம். பின்னதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

● இழுவை குறைந்தால் எல்லோரும் எஞ்சினைக் குறை சொல்வார்கள். பல நேரம் குற்றவாளி சைலன்சர். இரண்டு ஸ்ட்ரோக்கின் ஒயில் கரி உள்ளே படிந்து வாயை அடைக்கும். சிரட்டை நெருப்பில் போட்டுக் கரியை எரிப்பது ஊர்வழக்கம். புகை நச்சு, வீட்டுக்குத் தள்ளி வையுங்கள்.

● பழைய பிரேக் ஷூவிலும் கிளச்சிலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பொதி கட்டி எறியுங்கள்.

● ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் கிக் அடிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். அசையாவிட்டால் டீசல் விட்டு ஊறவையுங்கள். அவசரத்தில் உதைத்தால் துருப்பிடித்த ரிங் சிலிண்டரைக் கீறிவிடும்.

பெரிய அண்ணன்கள்

● மோட்டோ குஸ்ஸி மோட்டார் சைக்கிள் நிறுவனம் 1921 இல் கோமோ ஏரிக் கரையில் மான்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊரில் தொடங்கியது. அதன் கழுகுச் சின்னம், நிறுவனம் பிறக்கும் முன்பே இறந்துபோன, நிறுவனர்களின் விமானி நண்பர் ஜொவான்னி ரவெல்லியின் நினைவாக வைத்தது. அறுபதுகளில் வந்த வீ7 மொடலின் இரண்டு சிலிண்டர்களும் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நீட்டியிருக்கும். தாங்கியைக் கழற்றாமலே வால்வு இடைவெளி பார்க்கலாம். சங்கிலியும் இல்லை, தண்டுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. உப்புக் காற்றில் இது பெரிய வரம்.

● அந்தக் கால குஸ்ஸி சிலவற்றின் சிலிண்டருக்குள் குரோம் முலாம் பூசப்பட்டிருந்தது. முலாம் உரிந்தால் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடும் நம் வழக்கமான வைத்தியம் பலிக்காது. சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது புதிய முலாம் பூச வேண்டும்.

● டுகாட்டியின் டெஸ்மோ எஞ்சினில் வால்வைத் திறக்க ஒரு கை, மூட இன்னொரு கை. மூடும் வேலைக்கு ஸ்பிரிங்கை நம்பவில்லை. ஃபாபியோ தலியோனி 1956 இல் பந்தய வண்டியில் இதைப் பொருத்தினார். 1968 இல் வீதி வண்டிக்கும் வந்தது. வால்வு ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடைவெளிகள் பார்க்க வேண்டும். மெக்கானிக்கின் கட்டணம் இரட்டிப்பதன் காரணம் அதுதான்.

● எழுபதுகளின் இறுதியில் வந்த பண்டா மொடலிலிருந்து டுகாட்டி வால்வுகளை இயக்க றப்பர் பெல்ட்டுக்கு மாறியது. ஓடாமல் நின்றாலும் பெல்ட் கிழடாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மிச்சப்படுத்திய பணம் பலமடங்காகப் போகும்.

வாங்கும் முன்

● வெஸ்பாவின் சேசிஸ் இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்துகளே அதன் சாதகம். ‘வீ எல் பீ 1 டீ’ என்று தொடங்கினால் அது ஸ்பிரின்ட் 150. கடைசி எழுத்து ‘டீ’ என்றால் சட்டகம்; ‘எம்’ என்றால் எஞ்சின். முன்னெழுத்துகள் இரண்டிலும் பொருந்தாவிட்டால் எஞ்சின் மாற்றப்பட்ட வண்டி. பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே காசை எண்ணுங்கள்.

● வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தபோது 1957 இல் வடக்குக் கிழக்கில் தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. அன்று அரசியல் தீ மூட்டிய அந்த எழுத்தை வைத்துத்தான் இன்று பழைய வண்டி தேடுவோர் வயதை ஊகிக்கிறார்கள்.

● இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய இரும்பு விலைக்குப் போக இருந்த வண்டிகளுக்கெல்லாம் மரியாதை வந்தது. உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கும் இல்லையென்றால் இந்தியத் தயாரிப்பு.

● ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. ‘1412’ என்றால் 2012 ஆம் ஆண்டின் 14 ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அந்த ரயர் 2000 க்கு முந்தியது. பூ தேயாமல் பளபளத்தாலும் அதில் ஏறாதீர்கள்.

மாதம் ஒரு தரம்

● ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது எனக் கடலோரத்தில் இருப்போருக்கு இந்த ஐந்து வேலை: அடித்தகட்டை நன்னீரால் கழுவி வெயிலில் உலர்த்துதல், கேபிள் உறைகளுக்குள் நாலு சொட்டு ஒயில் விடுதல், பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தல் (கபிலம் நல்லது, வெண்மை சூடு, கரி ஒயில் கூடுதல்), ஏர்த் முனையைத் துடைத்தல், கியர் ஒயில் அளவைப் பார்த்தல். அரை மணி நேரம் போதும். ஒரு 11 ஆம் நம்பர், ஒரு 13 ஆம் நம்பர் ஸ்பனர், ஒரு ஸ்க்ரூட்ரைவர், ஒரு பிளக் சாவி இருந்தால் இதில் ஒன்றுக்கும் கராஜுக்குப் போக வேண்டியதில்லை.